குழி மூடிய ஊர்

நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு முடிந்து ஆளைக் குறைத்ததால், வெறும் வயிற்றோடு மாரமங்கலம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு பெரியவரும் அவர் மாப்பிள்ளையும் மிளகு மூட்டை சுமந்து போனார்கள்.

"நம்மூரு ரோட்டைப் பாக்க வந்த ஓவர்சியர் அது நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதிட்டாருங்க மாமா."

"அவரு ஜீப்பு ஏறோணும்னு ஊரே சேந்து மூணு நாளு குழியை மூடுனீங்கல்ல மாப்ள? வேறென்ன எழுதுவாரு?"

"அதுக்குன்னு, வர்ற மனுசன் இடுப்பொடிஞ்சு வரட்டுமுங்களா?"

"ஒடிஞ்சிருந்தா பணம் ஒதுக்கியிருப்பாங்க. உங்கத்தையை மாசாமாசம் கட்டில்ல வச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கறோம், மறந்துட்டியா? பஞ்சாயத்து யூனியன் ஆபீசுல போயி அழுதேன். நாளன்னிக்கு ஓவர்சியர் மறுபடி பாக்க வர்றாராம்."

"இப்ப என்னங்க பண்றது?"

"முன்ன இருந்தபடியே தோண்டி வைக்கோணும்."

"மண்ணு சொமந்த கையில தோண்ட மாட்டோம்னு ஊருல அத்தனை பேரும் கோவமா இருக்காங்க."

"அப்ப வெளியாளைத்தான் புடிக்கோணும்."

மறுநாள் காலை, கூலிக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் அந்த ரோட்டில் குழி வெட்டச் சேர்ந்தேன். ஜீப் கவிழக் கூடாது, நன்றாகக் குலுங்கினால் போதும் என்று பெரியவர் தன் கணுக்காலுக்குச் சற்று மேலே தொட்டு ஆழம் காட்டினார்.