நூத்திப்பன்னெண்டாம் கட்டை

கொடிக்காரி: ...நில்லுங்க பெயிண்டரே. தண்டவாளத்துக்குக் கீழ அந்த நூத்திப்பன்னெண்டாம் கான்கிரீட் கட்டை இருக்கு பாருங்க, அதை வெளிய எடுக்கணும்.

பெயிண்டர்: ஏங்க! இப்பதானே கிரேன்ல தூக்கி வெச்சாங்க! நீங்கதானே பச்சைக்கொடி காட்டினீங்க!

கொடிக்காரி: காட்டினேன். அதுல விரிசல்.

பெயிண்டர்: எங்க? ஒரு முடி அளவு கூட இல்லையே...

கொடிக்காரி: அடிப்பக்கம்.

பெயிண்டர்: அடிப்பக்கமா...? அ... அதெல்லாம் இருக்காதுங்க.

கொடிக்காரி: ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?

பெயிண்டர்: வெயிலு.

கொடிக்காரி: வானம் மூடியிருக்கு.

பெயிண்டர்: காலையிலேர்ந்து உழைப்புங்க! பழைய தண்டவாளத்தை வெட்டி எடுத்து, பழைய ஜல்லியைத் தோண்டிச் சலிச்சு...

கொடிக்காரி: அதெல்லாம் மெஷின் பண்ணுச்சு. நீங்க கட்டைக்கு நம்பர்தானே போட்டீங்க?

பெயிண்டர்: இருநூறு நம்பர் போட்டுப் பாருங்க, கைவலி தெரியும்.

கொடிக்காரி: சரி, சூப்பர்வைசரைக் கூப்பிடறேன். எல்லாரும் சேர்ந்து புரட்டிப் பாத்துரட்டும்.

பெயிண்டர்: எல்லாருமா? வேணாம் வேணாம்! அஞ்சு மணிக்கு ரயிலை விடணும். ஜல்லி வண்டி வேற வந்துட்டே இருக்கு. கொட்டி, இடிச்சு இறுக்கிட்டா எல்லாம் சரியாயிடும்.

கொடிக்காரி: விரிசல் விட்ட கட்டை மேல ரயிலா? நல்லா இருக்கே நியாயம்!

பெயிண்டர்: ஐயோ, விரிசல் இல்லைங்க. சத்தியமா இல்ல.

கொடிக்காரி: அடிப்பக்கத்தை நீங்க எப்ப பாத்தீங்க?

பெயிண்டர்: கட்டை அடுக்கற யார்டுல கவுத்துப் போட்டிருந்தப்போ... அதுல ஒண்ணு எழுதினேங்க.

கொடிக்காரி: என்னன்னு?

பெயிண்டர்: சும்மாதான். அம்பது வருஷம் ஜல்லிக்குள்ள கிடக்கப்போகுது, எவன் பாக்கப்போறான்னு ஒரு தைரியம்...

கொடிக்காரி: கூப்பிடட்டுமா சூப்பர்வைசரை?

பெயிண்டர்: சொல்லித் தொலைக்கறேன்! 'கொடி பிடிக்கற பொண்ணைத்தான் கட்டிக்குவேன்'. போதுமா? ஒரு வருஷமா நேர்ல கேக்க வாய் வரல. இதை மத்தவங்க படிச்சா என் மானம் கப்பலேறிடும். புரட்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

கொடிக்காரி: யார் புரட்டப்போறா? விரிசலும் இல்ல, ஒண்ணும் இல்ல.

பெயிண்டர்: அப்ப...?

கொடிக்காரி: கட்டை கிரேன்ல தொங்கும்போது, கீழ நின்னு கொடி காட்ட அண்ணாந்து பாக்கறது யாரு?

பெயிண்டர்: ...நீங்க ஒருத்திதான். அடக் கடவுளே, அதை யோசிக்கலையே!

கொடிக்காரி: அப்பவே படிச்சுட்டேன். உங்க வாயாலயும் ஒரு தடவை கேக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்.

பெயிண்டர்: கேட்டாச்சே... பதில்?

கொடிக்காரி: நூத்திப்பதிமூணுக்கு அடியில இருக்கு. மண்ணு ஒட்டியிருக்குன்னு சொல்லி, கிரேனை இடுப்பு உயரத்துல நிறுத்தி, உங்க பிரஷ்ஷாலயே எழுதினேன்.

பெயிண்டர்: அதான் பிரஷ்ஷைக் காணோமா! இருங்க, கடப்பாரை எங்க... ஐயையோ, ஜல்லி கொட்டறாங்களே! நிறுத்தச் சொல்லுங்க! சிவப்புக்கொடி, சிவப்புக்கொடி!

கொடிக்காரி: மாட்டேன். அம்பது வருஷம் கழிச்சு இதைத் தோண்டறப்போ, ரெண்டு பேருமா கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து சேர்ந்தே படிச்சுக்கலாம்.