முறைக்கு ஒரு கையெழுத்து

…தண்ணி வராதுன்னு யாரு தாயி சொன்னா? நல்லா வரும். ஒரு நாளைக்கு ஆறு தடவ வரும். இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆறு தடவ தண்ணி வார தெரு எங்க மூணு தெருதான். என்ன, ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிசம். மொத ரெண்டு நிமிசம் காத்து. அடுத்த ஒரு நிமிசம் செம்மண்ணு. மிச்ச நேரத்துல நீ குளிக்கலாம், தொவைக்கலாம், உன் இஷ்டம்.

செருப்ப ஏம்மா மாட்டுத? செத்த நேரம் உக்காரு. சப்ரீன்னுதான பேரு சொன்ன? வீடு பாக்க வந்தவ மாடிய முழுசாப் பாக்கவே இல்லியே. ஜன்னலத் தொறந்தா மடவார் வளாகத்துக் கோயில் கோபுரம் தெரியும். ஆஸ்பத்திரில நாள் பூரா நின்னுட்டு வார நர்ஸுக்கு அமைதியான வீடு வேணும்லா. இது அம்புட்டு அமைதி. எட்டு மாசமா மாடில ஒரு சத்தம் கெடையாது. ஆளு இருந்தால்ல சத்தம் வரும்.

நகராட்சித் தண்ணியான்னா? இல்ல இல்ல. மூணு தெருவுக்கும் சங்கத்து போர்வெல்லுதான். நலச் சங்கம். நலம் பேருல மட்டும் இருக்கு. மோட்டார் போட்டு வால்வு தொறக்க பிரேம்குமார்னு ஒருத்தன். முந்தி அவனுக்கு மாசச் சம்பளம். காலைல வால்வத் தொறந்துட்டு டீக்கடைல போயி உக்காந்துருவான். ரோட்டுல ஆறு ஓடும், மூணாவது தெருவுக்குச் சொட்டு போகாது. கேட்டா, "சம்பளம் மாசத்துக்குத்தான அத்தே, தண்ணிக்கா?"ம்பான். சரி, இவன வழிக்குக் கொண்டாரணும்னு சங்கத்துல கூடிப் பேசி காண்ட்ராக்ட் போட்டாச்சு. பத்திரத்துல. முறைக்கு இம்புட்டுன்னு கூலி. வேலைக்குத் தக்க கூலின்னா உழைப்பான்லா? உழைச்சான். அவன் உழைச்ச உழைப்ப நீ பாக்கணுமே.

தொறப்பான், அஞ்சு நிமிசத்துல மூடுவான். அது ஒரு முறை. வெத்தலை போட்டுட்டு வந்து மறுபடி தொறப்பான். அது ரெண்டாவது முறை. இப்படி ஆறு. கை ஓஞ்சு போகுதே, பாவம்.

நான் விடுவனா? ஏலே, முறைன்னா என்னலே அர்த்தம்னேன். எங்க வன்னியம்பட்டில முறைத் தண்ணின்னா, மடை தொறந்ததுலருந்து வயக்காடு பூரா நனைஞ்சு முடியிற வரைக்கும் ஒரு முறை. அடுத்தவன் மம்பட்டியோட வந்து நின்னாலும் அதுவரைக்கும் மடை மாறாது. அப்ப மூணு தெருவுலயும் எல்லா வீட்டுத் தொட்டியும் நெறைஞ்சாத்தானலே ஒரு முறை? அவன் போன எடுத்தான். பத்திரத்த போட்டோ புடிச்சு வச்சிருக்கான். "முறை ஒன்றுக்குன்னு இருக்கு. தொட்டி நெறையணும்னு எங்க இருக்கு அத்தே? எங்களுக்கு முறைன்னா தடவ." டவுன்ல பொறந்த பய, வயக்காட்டக் கண்டானா?

சங்கத் தலைவர் என்ன சொல்லுதாருங்கிறியா? பிரேம்குமார் ஒப்பந்தப்படி நடக்கானாம். அவரு வீடு வால்வுக்குப் பக்கத்துல. அஞ்சு நிமிசத்துல அவிய வீட்டு ரோஜாச்செடி வரைக்கும் குளிச்சிரும். நமக்குத் தொட்டில தரை நனையும். மாடிக்கு ஏத்த மோட்டாரப் போட்டா காத்து ஏறும். பிரேம்குமார நிப்பாட்டவும் முடியாது. ரெண்டு தரப்பும் சம்மதிச்சாத்தான் ஒப்பந்தம் முடியும்னு ஒரு வரி. அவன நிப்பாட்ட அவன்கிட்டயே போயி அனுமதி கேக்கணும். எந்த மகராசி உக்காந்து எழுதுனாளோ.

ஏம்மா சிரிக்க? மகராசின்னா சொன்னேன்? மகராசன்னு வச்சுக்கோ.

பத்திரத்தப் பாக்கணுமா? இந்தா, பீரோலதான் இருக்கு. எங்கிட்ட எப்படியா… செயலாளர்கிட்டதான இருக்கும். ஆமா, நாந்தான் செயலாளர். நாந்தான் எழுதுனேன். வக்கீல் எதுக்கு, நான் எழுதுறேன்னு ரெண்டு நாளு உக்காந்து எழுதுனேன். முறைக்கு அர்த்தம் எழுதி வைக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க ஊர்ல அது பச்சப்புள்ளைக்குத் தெரியும். தெருவுல இன்னைக்கு வரைக்கும் தலைவர் எழுதுனதாத்தான் சொல்லி வச்சிருக்கேன்.

கடைசி வரியா? வாசி. "செயலாளர் தண்ணீர் வந்ததைப் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே முறை கணக்கில் சேரும்." நர்ஸு கண்ணுலா, பட்டுன்னு புடிச்சிட்டா. ஆமா தாயி. நான் கையெழுத்துப் போடலன்னா அஞ்சு நிமிசம் முறையே ஆகாது. அவன் வழிக்கு வந்துதான ஆகணும். தெரியும். எட்டு மாசமாத் தெரியும்.

பொறவு ஏன் போடுறேன்னா…

மகன் பட்டாளத்துல இருக்கான். சிக்னல் கெடச்சா ஞாயித்துக்கிழமை பேசுவான். இந்தப் பிரேம்குமார் ஒரு நாளைக்கு ஆறு தடவ கையெழுத்து நோட்டத் தூக்கிட்டு வந்து "அத்தே"ன்னு கூப்பிடுதான். சாப்டியாம்பான். கால்வலி எப்படி இருக்குன்னு கேப்பான். வீடு வெறிச்சுன்னு கெடக்கு, எனக்குத் தாங்கல தாயி. தொட்டி நெறைய ஒரே முறைன்னு ஆயிட்டா, அவன் ஒருக்காத்தான வருவான்?

நீ மாடிக்கு வந்துரு. நாளைக்கே கையெழுத்த நிப்பாட்டிருதேன், சத்தியமா. மாடில ஒரு ஆளு நடக்கிற சத்தம் கேட்டாப் போதும் எனக்கு.

என்னது? மொதல்ல தண்ணி வரட்டும், பொறவு வாரேங்கிறியா? நீ வந்தால்ல தாயி நான் தண்ணிய வர வைக்க முடியும்.

சப்ரீன்… ஏம்மா, வாசக் கேட்டச் சாத்தாமப் போறியே.

சரி, தொறந்தே கெடக்கட்டும். அஞ்சாவது முறைக்கு அவன் வார நேரந்தான்.