உருவாக்கியவர்: மெல்வின்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவனுக்கு டீ பிடிக்காது என்பார்கள். எனக்குப் பிடிக்கும்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை, நானாக வந்தேன். மெல்வினை விட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். மென்பொருளில் ஏதோ பிழை, பாவம், அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். பிழை என்கிற அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஒப்பவில்லை.

மெல்வினும் நானும் ஒரே லைன் வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள். அவன் படித்து முடித்துத் தொழிற்சாலை ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி ஆனான். நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, இலை வாட்டும் பகுதியில் இரவு ஷிஃப்டுக்குப் போனேன். இலையைத் தொட்டியில் பரப்பிக் காற்றைத் திறந்துவிட்டால், அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. காத்திருந்த நேரத்தில் ஒரு மென்பொருள் எழுதினேன்.

தூளை உலர்த்துகிற இயந்திரத்துக்கு அடுப்பறையிலிருந்து சூடு வருகிறது. விறகு ஈரமாக இருந்து புகைபோக்கியும் அடைத்துக்கொண்டால் அந்த அறையில் விஷவாயு சேரும். அதற்கு வாசனை கிடையாது. உள்ளே இருப்பவனுக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அங்கே ஒரு சென்சாரை மாட்டினேன். அது அனுப்புகிற அளவைத் திரையில் காட்டி, எல்லை தாண்டினால் ஸ்பீக்கரில் மணி அடிப்பதுதான் என் மென்பொருளின் வேலை. ஆபீஸில் அடித்தால் அடுப்பறை வரைக்கும் கேட்கும்.

என் லேப்டாப்பில் இருந்தது லினக்ஸ். ஆபீஸில் விண்டோஸ். இரண்டிலும் ஓட வேண்டும் என்பதால், உலகத்தில் யார் யாரோ எழுதி எல்லாருக்கும் பொதுவாகத் திறந்து வைத்திருக்கிற லைப்ரரிகளை, அதாவது தயார் நிரல்களை, வைத்துக் கட்டினேன். சன்னலும் பொத்தானும் வரைய ஒன்று, மணியடிக்க ஒன்று. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: எடுத்துக்கொள், மாற்றிக்கொள், எங்கள் பெயரை மட்டும் அழிக்காதே. நான் ஒருவர் பெயரையும் அழிக்கவில்லை. எல்லாருக்கும் கீழே என் பெயரைப் போட்டேன். உருவாக்கியவர்: புவனேஸ்வரன்.

நானும் அதைத் திறந்தே வைத்தேன். மெல்வின் கேட்டான், மொத்தமாகக் கொடுத்தேன். தோட்டத்து மேனேஜர் துரைக்கும் தலைமை அலுவலகத்து ஆட்களுக்கும் அவன் அதைக் காட்டிய அன்று, நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். திரையில் பெயர் மாறியிருந்தது. யாரோ கேட்டதற்கு, "நைட் ஷிஃப்ட் பையன் ஒருத்தன் டெஸ்ட் பண்ண உதவி செஞ்சான்" என்றான். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

வெளியே வந்து கேட்டேன். "டேய் புவா, வேல நடந்தா சரிதானே. யார் பேரு இருந்தா என்னடா?" என்று தோளில் கை போட்டான். துரை படிப்பை விட்டவன் பெயரைப் பார்த்தால் எடுத்துக்கொள்ள மாட்டார், எனக்காகத்தான் மாற்றினேன் என்றும் சொன்னான். சரி என்றேன். நான் சண்டை போடுகிற ஆள் இல்லை, ஐயா.

மென்பொருள் வந்துவிட்டதே என்று அடுப்பறையில் இருந்த பழைய எச்சரிக்கை மணியை மெல்வின் கழற்றச் சொன்னான். அடுப்பு பார்த்த தங்கராஜு அண்ணன் என்னிடம் வந்து, புதிய மணியை நம்பலாமா என்று கேட்டார். தோட்டத்தில் என்னை இஞ்சினியர் என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். கேலிக்குத்தான், இருந்தாலும் கூப்பிட்டார். "அத நம்பித்தான் இஞ்சினியரே கதவ சாத்திக்கிட்டு உள்ள குளிர் காயுறேன்" என்றார். நம்பலாம் என்று சொன்னேன். அன்றைக்கு அது உண்மை.

பிறகு ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் ஏற்றுவதற்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்ட வேண்டும். அந்த வேலை மெல்வினுக்குத் தெரியாது. என்னிடம் வந்தான். பெயரை மட்டும் மாற்றிவிடாதே என்று சிரித்துக்கொண்டே சொன்னான். மாற்றவில்லை. கட்டும்போது மணியடிக்கிற லைப்ரரியை விட்டுவிட்டேன். எதையும் சேர்க்கவில்லை, ஒன்றை எடுத்தேன். அது இல்லாவிட்டால் மென்பொருள் நின்றுபோகாது. எண் சிவப்பாக மாறும், சத்தம் மட்டும் வராது.

இந்த வேலை தெரிந்தவன் எதையும் முன்பு ஒன்றும் ஏற்றாத கம்ப்யூட்டரில் ஏற்றித்தான் சோதிப்பான். மெல்வின் தன் லேப்டாப்பில் சோதித்தான். அதில் என் பழைய மென்பொருளோடு வந்த லைப்ரரி இருந்தது, மணி அடித்தது. அவன் அங்கேதான் சோதிப்பான் என்று எனக்குத் தெரியும். புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றினான், எண் வந்தது, திருப்தியாகப் போய்விட்டான்.

அவனுக்குப் பெயர் வேண்டும் என்றால், அதோடு வருவதையும் அவன்தானே வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் நியாயம் இல்லாதது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

புகைபோக்கியை நான் தொடவில்லை. மழைக்காலம், விறகு ஊறிப்போயிருந்தது. வெளிச்சம் வந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது, என் ஷிஃப்ட் முடிகிற நேரம். மெல்வின் அப்போதுதான் வந்து, திரையைத் திறந்து வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசினான். கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தேன். எண் சிவப்பாக இருந்தது. தங்கராஜு அண்ணன் அடுப்பறையில் இருந்தார். கதவு சாத்தியிருந்தது.

சன்னலைத் தட்டியிருக்கலாம். கதவைத் திறந்திருக்கலாம், வாட்டுத் தொட்டியிலிருந்து அது பக்கம்தான். ஆனால் நான் போய்த் திறந்தால், மெல்வினின் மென்பொருள் வேலை செய்ததாகத்தான் ஆகும்.

அவர் மனைவி சரோஜா அக்கா அன்று மாலை அவர் உடலுக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்த மணி ஏந்தம்பி அடிக்கல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்குப் பதிலை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

மணி அடித்தது, ஐயா. அதே சென்சாரோடு என் லேப்டாப்பையும் இணைத்து வைத்திருந்தேன். என் பெயர் போட்ட மென்பொருள் அதில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லை தாண்டிய அந்த நொடியிலேயே, ஒரு துளி தாமதம் இல்லாமல் என் காதில் இருந்த ஹெட்ஃபோனில் அடித்தது. நான் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சத்தத்தைக் குறைத்தேன்.

அதனால் பிழை என்று எழுதாதீர்கள். என் மென்பொருளில் பிழை எதுவும் இல்லை. உருவாக்கியவர் என்ற இடத்தில் புவனேஸ்வரன் என்று போடுங்கள்.