என் பக்கத்துப் பிரேக்

ஓட்டக் கற்றுக்கொடுக்கிற காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், டாக்டர். அதை மிதித்தால் ஓட்டுகிறவருக்கு ரோஷம் வந்துவிடும். பத்திரமாக இறங்கிய பிறகு நன்றி சொல்வார்கள். என் பிழைப்பே அதுதான்.

என் மனைவியை உங்களுக்குத் தெரியும். வக்கீல். கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்த சூட்டோடு வீட்டுக்கு வந்து என்னையும் விசாரிப்பாள். பால் ஏன் பொங்கி வழிந்தது என்பதற்கே சாட்சி கேட்பாள். வாய் மட்டும் இல்லையென்றால் உன்னை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று கேலி செய்வேன்.

அவளுக்குப் பார்க்கின்சன் வந்து கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. நீங்கள் மூளைக்குள் கம்பி இறக்கி, நெஞ்சுத் தோலுக்கடியில் அதற்கு மின்சாரம் அனுப்பும் பெட்டியை வைத்து, ரிமோட்டையும் கொடுத்தீர்கள். மின்சாரத்தைக் கூட்டினால் நடை வரும், ஆனால் இவருக்கு வார்த்தை சிக்கும், யோசனையும் மந்தமாகும், இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள் என்றீர்கள்.

பேச ஒன்றுமில்லை. அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "எனக்கு வாய் போதும். கால் வரலன்னா சக்கர நாற்காலியில போறேன்." குறைத்தே வைத்தோம்.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். நீங்க என்னைப் பாத்துக்கல. ஓட்டறீங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது?

மறுநாள் காலையில் ரிமோட்டைக் கொஞ்சம் கூட்டினேன். ஜன்னல் வரை தானாக நடந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் கொஞ்சம். மாலையில் கைகோத்துக்கொண்டு பூங்காவைச் சுற்றி வருவோம். தங்கை வீட்டுப் பேச்சு நின்றுவிட்டது. எல்லாப் பேச்சும்தான். வாயைத் திறப்பாள், தேடுவாள், மூடிக்கொள்வாள். பேனாவைக் கொடுத்தால் பாதி எழுத்தில் நின்றுவிடுவாள். அப்போதெல்லாம் நெஞ்சில் அந்தப் பெட்டி இருக்கும் இடத்தில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பாள். அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் அந்தத் தங்கைக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் மகள் போன் போட்டாள். பிழைப்பது கஷ்டம், அம்மா பெரியம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாள் என்றாள். போனை மனைவியின் காதில் நானே பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஏதாவது பேசுக்கா."

எனக்கே கேட்டது. அவள் உதடு அசைந்தது. கண்ணீர் என் விரலில் வழிந்தது. ரிமோட் என் சட்டைப் பையில் இருந்தது. குறைத்திருந்தால் சற்று நேரத்தில் பேச்சு வந்திருக்கும், தெரியும். வந்தால் முதலில் என்ன பேசுவாள் என்பதும் தெரியும். "அதிர்ச்சியில இருக்கா, பேச முடியல," என்று நான்தான் பதில் சொல்லி, போனை வைத்தேன்.

சாவு வீட்டுக்கு அவள் தன் காலாலேயே நடந்து வந்தாள். மனைவியைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறார் என்று உறவுக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏன் கடைசி அளவு வரை கூட்டி வைத்திருக்கிறது என்று கேட்டீர்கள். நான்தான் வைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் அவளைக் கேட்காமல் செய்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். தினமும் காலையில் கூட்டி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன், "குறைக்கட்டுமா?" என்று. ஒரு நாள்கூட அவள் குறைக்கச் சொன்னதில்லை.