முப்பத்தாறும் முளைச்சது

— “...முப்பத்தாறு விதை போட்டேன். முப்பத்தாறும் முளைச்சுது!” இப்படி முடிச்சா எப்படி இருக்கும்?

— ஹாரன் அடிக்கற மாதிரி இருக்கு.

— இருபத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டினவன் வேற எப்படிப் பேசுவேன்? மைக்குல நல்லா எடுக்கும்.

— அந்தக் கூடையை இப்படித் தள்ளுங்க முதல்ல. பந்தல் மேல் கம்பியில காய் எல்லாம் காஞ்சு கிடக்கு.

— பச்சையைப் பறிச்சுடாதே. நல்லா பழுப்பா மாறினது மட்டும்.

— எனக்கே பாடமா? இந்த ஸ்டூல் ஆடுது, பிடிச்சுக்குங்க.

— பிடிச்சுட்டுதான் இருக்கேன். ரெண்டு கையாலயும். பார்த்தியா?

— பார்த்தேன், பார்த்தேன். ஏங்க... அந்தக் கடைசி வரி வேணுமா?

— எந்த வரி?

— முப்பத்தாறும் முளைச்சுதுன்னு.

— அதுதானே பேச்சோட உயிரே! அதுக்கு முன்னாடி சொல்றதைக் கேளு. “சச்சா இஞ்சி. பேருலதான் இஞ்சி. கொடியில நட்சத்திரம் மாதிரி காய்க்கும், உள்ளே எண்ணெய் வித்து. பச்சையா கடிச்சா கசக்கும், வறுத்துத் தின்னா உடம்புக்கு அவ்வளவு நல்லது.” இதெல்லாம் யாரும் சொல்லிடுவாங்க. முப்பத்தாறுக்கு முப்பத்தாறு... அதை நான் மட்டும்தான் சொல்ல முடியும்.

— நாளைக்கு விவசாயிங்க கூட்டத்துக்கு நாற்றுப்பண்ணைக்காரரும் வர்றாராமே.

— வரட்டும். முன் வரிசையில உட்காரட்டும்.

— அவர் சிரிச்சுட்டா?

— எதுக்குச் சிரிக்கணும்?

— சும்மாதான் கேட்டேன்.

— என்ன டெய்லரம்மா, ஊசியை முழுங்கின மாதிரி நிக்கறே? இறங்கு. தண்ணி குடி.

— நான் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— அந்த முப்பத்தாறுல... ஒண்ணுகூட நீங்க போட்ட விதை இல்லை.

— ம்.

— என்ன “ம்”? காது கேட்டுச்சா?

— கேட்டுச்சு. மேல சொல்லு.

— உங்களுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்து, ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசு. கண்டக்டர் அண்ணன் ஒரு பை நிறைய விதை கொண்டு வந்து கொடுத்தாரே... பாதியை ஓட்டோட வறுத்து நீல மூடி டப்பாவுல போட்டேன், நீங்க தின்னறதுக்கு. பச்சை விதை சிவப்பு மூடியில. பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். நீங்க சிவப்பு மூடியைத் திறந்து, பால் கவர்ல மண்ணு ரொப்பி, ஒத்தைக் கையால ஒவ்வொண்ணா ஊனினீங்க...

— ரெண்டு நாள் ஆச்சு ஊனி முடிக்க.

— பதினஞ்சு நாள் ஆகியும் ஒண்ணும் வரலை. ஒருநாள் நீலத்துல இருந்து ஒண்ணை எடுத்து வாயில போட்டேன். கசப்புன்னா கசப்பு! அப்பத்தான் உயிரே போச்சு. நீங்க ஊனினது அத்தனையும் வறுத்தது.

— திரும்ப நல்ல விதையை ஊனச் சொல்லியிருக்கலாமே.

— எப்படிச் சொல்றது? “என் கையால ஒரு விதைகூட முளைக்காது”ன்னு சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டீங்க. சாப்பாட்டைத் தள்ளி வச்சீங்க. எனக்கு வேற வழி தெரியலை. பண்ணைக்குப் போய் ரெண்டு இலை விட்ட நாத்தா வாங்கிட்டு வந்து, விடியக்காலையில நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி...

— முதல் நாள் அஞ்சு.

— ஆமா. ஒரேயடியா முளைச்சா சந்தேகம் வரும்னு... என்னது? உங்களுக்கு எப்படி...?

— மறுநாள் பன்னெண்டு. அதுக்கு மறுநாள் மிச்சம். ஜன்னல் வழியா பார்த்துட்டுதான் இருந்தேன்.

— அடப்பாவி மனுஷா!

— நாத்து நடத் தெரியுதா உனக்கு? வேர் மண்ணை உதறிட்டு வச்சே. ஏழு வாடிப் போச்சு.

— ஒண்ணும் வாடலை. நான் தினமும் எண்ணினேன். முப்பத்தாறு இருந்துச்சு.

— இருக்கும். நீ தைக்கப் போனதும் நான் பண்ணைக்குக் கிளம்பினேன். பத்து நிமிஷ தூரம், ஒரு மணி நேரம் நடந்தேன். வந்து பல்லால கவரைக் கிழிச்சு ஏழையும் மாத்தி வச்சேன். பண்ணைக்காரர் கேட்டார், “அம்மா முப்பத்தாறு, ஐயா ஏழு... வீட்டுல என்ன பந்தயமா”ன்னு.

— வாக்கிங் போனேன்னு சொன்னீங்களே அன்னைக்கு... நானும் சந்தோஷப்பட்டு அழுதேனே!

— நடந்தது நிஜம்தானே? ஒருத்தி எனக்காக இருட்டுலயே எழுந்து மண்ணைத் தோண்டறா. அதைப் பார்த்துட்டு எப்படிப் படுத்துக் கிடக்கறது?

— அப்புறம் நாளைக்கு எதுக்கு அந்தப் பொய்யி?

— நீயா சொல்லுவியான்னு பார்த்தேன். நாளைக்கு நடந்ததை நடந்தபடியே சொல்லப் போறேன். வறுத்ததுல இருந்து.

— வேண்டாங்க. என் மானம் போயிடும். டப்பாவைக் கழுவி, மூடியை மாத்திப் போட்ட முட்டாள் நான்தானே? ஒன்றரை வருஷமா இந்தக் கொடியைப் பார்க்கறப்பல்லாம் உள்ளே அரிச்சுட்டு இருக்கு. படுத்துக் கிடந்த மனுஷனை இன்னும் படுக்க வச்சுட்டேனேன்னு...

— இரு. நீ மாத்தினேன்னா நினைச்சுட்டு இருக்கே?

— வேற யாரு?

— நீ கழுவி, சரியாத்தான் மூடி வச்சிருந்தே. அன்னைக்கு மத்தியானம் ரெண்டையும் திறந்து பார்த்தவன் நான். எது எதோட மூடின்னு... நினைவு வரலை. தோணினபடி மூடிட்டேன். முளைக்கலைன்னதும் ஒரு கவரைத் தோண்டிப் பார்த்தேன், புரிஞ்சு போச்சு. விதை போனதுக்கா நான் சுவத்தைப் பார்த்துப் படுத்தேன்? கையோட சேர்ந்து புத்தியும் போச்சான்னு நீ கேட்டுடுவியோன்னு பயந்துதான்டி படுத்தேன்.