தலைமாட்டுக் கயிறு

— மறுபடியும் கேக்கிறேன், ஃபின்லே. நம்ம புள்ளையோட குழிக்கிட்ட நின்னு என்ன சொன்னே?

— ஒண்ணும் சொல்லல.

— அடுத்த வீட்டு கேட்டி ஆனோட புருஷன் உன் பக்கத்துலதானே நின்னான்? உன் வாய் அசைஞ்சதைப் பார்த்திருக்கான். பெட்டியை இறக்கினதும் எல்லாரும் கயித்தை விட்டுட்டாங்களாம். தலைமாட்டுக் கயித்தை மட்டும் நீ விடவே இல்லையாம்.

— பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும். டீ ஆறுது, குடி எஃபி.

— பெத்த புள்ளைய மண்ணுல வெச்ச கதையை அடுத்த வீட்டுக்காரி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணும். இந்தத் தீவுல பொம்பளைங்க பாதை முக்கு வரைக்கும்தான் போகலாம், அதுக்கு மேல கால் வெக்கக் கூடாது. வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். உங்க கறுப்புத் தொப்பிங்கதான் தெரிஞ்சது, வேறொண்ணும் தெரியல.

— அது நான் பிறக்கிறதுக்கு முன்னாலேருந்து இருக்கிற வழக்கம்.

— எல்லாத்துக்கும் ஒரு வழக்கம் வெச்சிருக்கீங்க. சரி, இதையாவது சொல்லு. எப்படி இருந்துச்சு?

— எது?

— குழி, மனுஷா. ஈரமா இருந்துச்சா?

— மணல்தான். கடற்கரை மணல். ஈரமெல்லாம் இல்ல.

— பொய் சொல்லாதே.

— அடியில கொஞ்சம் ஈரம் இருந்துச்சு.

— அவன் கடல்ல குடிச்ச தண்ணி பத்தலையா? படகு கரைக்கு வந்துச்சு. வலை வந்துச்சு. அவனோட ஒத்தை பூட்ஸுகூட வந்துச்சு. அவனை மட்டும் கடைசியா அனுப்பி வெச்சுது அந்தப் பாழாப்போன கடல்.

— எஃபி, போதும்.

— எனக்குப் போதலையே! போதகர் அவனைப் பத்தி அங்க ஒரு வார்த்தையாவது சொன்னாரா?

— ஜெபமெல்லாம் வீட்டோட சரி. குழிக்கிட்ட ஜெபம் கிடையாது. உனக்கே தெரியும்.

— வீட்டுல மட்டும் என்ன சொன்னாரு? உசிரோட இருக்கிறவங்களை ஆயத்தமா இருங்கன்னு எச்சரிச்சாரு. யூவன்ங்கிற பேரு அவர் வாயில ஒரு தடவை வந்துச்சா?

— செத்தவங்களைப் புகழ்ந்து பேசுறது நம்ம சபையில இல்ல.

— யாரு புகழச் சொன்னா? பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா?

— மத்தியானம் சபையிலேருந்து ரெண்டு மூப்பருங்க வர்றாங்க. வீட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வை.

— அவங்களுக்கு இங்க என்ன வேலை?

— விசாரிக்கத்தான். மூப்பரா இருந்துக்கிட்டு, கூடாதுன்னு தெரிஞ்சும் நான் செத்தவனுக்காக ஜெபம் பண்ணினேனான்னு.

— பண்ணினியா? தலையைக் குனியாதே ஃபின்லே, என் மூஞ்சியைப் பாரு. பண்ணினியா?

— இல்ல.

— சீ, போ. ஒரு நிமிஷம் எனக்கு உசிரு வந்துச்சு. நீயாவது அவனுக்காகக் கேட்டிருப்பியோன்னு.

— கேட்டுப் பலன் இல்ல. மூச்சு இருக்கும்போதே எல்லாம் முடிவாயிடுது.

— சரி, என்ன முடிவாச்சு? இத்தனை வருஷமா ஊர்ல உள்ளவன் ஆத்துமாவையெல்லாம் நாடி பிடிச்சுப் பார்க்கிறவன் நீ. என் புள்ள எங்க இருக்கான்?

— தெரியாது.

— கர்த்தர்கிட்ட இருக்கான்னு சொல்லேன். எனக்காகச் சொல்லேன். கண்ணை மூடிக்கிட்டாவது சொல்லேன்.

— தெரியாததைத் தெரியும்னு சொன்னா அது அவர் பேர்ல சொல்ற பொய். மனந்திரும்பினேன்னு அவன் ஒருநாளும் என்கிட்ட வந்து நின்னதில்ல. வேதம் வாசிக்க உட்கார்ந்தா கொட்டாவி விடுவான். ரோட்டோர ஆட்டம்னா முதல் ஆளா அக்கார்டியன் வாத்தியத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுவான்.

— நல்லா வாசிப்பான்.

— ஆமா. நல்லாதான் வாசிப்பான்.

— நீ எங்க கேட்டே?

— ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால நின்னு கேட்டிருக்கேன். நிறைய தடவை.

— அடப் பாவி மனுஷா! அதை அவன்கிட்ட சொல்றதுக்கென்ன? அப்பாவுக்கு என் வாசிப்பே பிடிக்காதும்மான்னு என்கிட்ட எத்தனை தரம் அழுதிருக்கான்!

— அழுதானா?

— புள்ளைங்க அழாம என்ன பண்ணும்? சரி, இன்னொண்ணு கேக்கிறேன். போன குளிர்காலம் பாறைச் சரிவுல இறங்கினியே, அந்த ஒத்தைக்கண் ஆட்டைத் தூக்க. கீழ அலை வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. வேண்டாம் வேண்டாம்னு நான் தொண்டை கிழியக் கத்துறேன். ஸ்டோர்னோவே சந்தையில அந்த ஆட்டை எவனும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். எதுக்கு இறங்கினே?

— அது என் ஆடு.

— யூவன் யாரோடவன்?

— எஃபி...

— சொல்லு. யாரோடவன்? என் வயித்துக்குள்ள வெச்சு விரல் விரலா, நகம் நகமா செஞ்சது யாரு? ஆசையில்லாமயா அவ்வளவு பொறுமையா செஞ்சாரு? தன்னோட சொந்தப் புள்ளைய அந்தச் சிலுவையில விட்டுக் கொடுத்தாரே, அது யாருக்காக? வேற வேலை இல்லாமயா?

— ரட்சிக்கணும்னு அவர் முன்னாலேயே தெரிந்துகொண்டவங்களுக்காக.

— அவங்க யாரு யாருன்னு உனக்குத் தெரியுமா?

— தெரியாது.

— என் புள்ள அதுல இல்லைன்னு தெரியுமா?

— இல்லைன்னு நான் சொல்லலையே.

— இருக்கான்னும் சொல்ல மாட்டேங்கிறியே! அந்த ஒரு சொல்லுக்குத்தானே அவனை மண்ணுல வெச்ச செவ்வாய்க்கிழமையிலேருந்து உன் காலைச் சுத்திச் சுத்தி வர்றேன். கல்லுகூட இதுக்குள்ள கரைஞ்சிருக்கும், நீ கரைய மாட்டேங்கிற. நாளைக்குத் திருவிருந்து. வெள்ளைத் துணி விரிச்ச மேசையில போய் உட்காருவே. நான் எப்பவும்போல தகுதியில்லாதவளா பின் பெஞ்சுல கிடப்பேன். கல்யாணமானதுலேருந்து அந்தக் கோயில்ல உன் முதுகைத்தானே பார்க்கிறேன், நாளைக்கும் பார்க்கிறேன். யூவன் வெளிய நிக்க, நீ அந்த அப்பத்தை எப்படி முழுங்குறேன்னு பார்க்கிறேன்.

— நான் நாளைக்கு உட்காரல.

— என்ன?

— காலையில போதகர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். திருவிருந்துக்கு வரல. இனிமே மூப்பரும் இல்ல.

— ஜெபம் பண்ணினேன்னு பழி சொன்னாங்களே, அதுக்காகவா? பண்ணலேன்னியே!

— அது ஜெபம் இல்ல, பேரம்.

— புரியற மாதிரி பேசு. வேதப் புத்தகத்தையும் நீ அலமாரியிலேருந்து எடுக்கல. காலையிலயும் இல்ல, சாயங்காலமும் இல்ல. அவனைப் பெத்ததுக்கு வெக்கப்படுறியோன்னு நினைச்சு உன்னை மனசுக்குள்ள எவ்வளவு திட்டினேன் தெரியுமா?

— வெக்கமா? அவனாலயா? எஃபி, அவன் பொறந்தப்ப என் ரெண்டு உள்ளங்கையில அடங்கினான். அந்தக் கையாலதான் குழியில இறக்கினேன்.

— அழுவுறியா நீ?

— அப்படி ஒரு வார்த்தை பேசிட்டு அந்தப் புத்தகத்தை எப்படித் தொடுவேன்? எனக்கு அதுல இனிமே பங்கில்ல.

— ஃபின்லே, எனக்குப் பயமா இருக்கு. என்ன பேசினே ஆண்டவர்கிட்ட?

— பெட்டி அடியில போய் உட்கார்ந்துடுச்சு. மத்தவங்க மண்வெட்டியைக் கையில எடுத்துட்டாங்க. அவனை விட்டுட்டு நான் மட்டும் நல்ல இடத்துக்குப் போகணுமான்னு தோணிச்சு. என்னால முடியல.

— அதுக்கு என்ன சொன்னே?

— என் இடத்தை அவனுக்குக் கொடுத்துடுங்க ஆண்டவரேன்னேன். என்னைத் தள்ளிட்டு அவனைச் சேர்த்துக்குங்க, அவனுக்குப் பதிலா நான் வெளிய நிக்கிறேன்னேன். நிஜமாத்தான் சொன்னேன். திருப்பி வாங்கவும் மாட்டேன். நான் தொலைஞ்சேன், எஃபி.

— ஐயோ மனுஷா... சிலுவையில அவரும் அதைத்தானே செஞ்சாரு?