முள் கீழேதான் இருந்தது

— சார், இன்னொரு கேன் குடுங்க! சீக்கிரம்!

— இன்னொரு கேனா? எதுக்குப்பா? அந்த டேங்க்ல ரெண்டு லிட்டர் இருந்தாலே அதிகம். அஞ்சு லிட்டர் கேன் குடுத்திருக்கேன்ல?

— அது ரொம்பி வழியுது சார். இப்ப என் விரல வெச்சு ஓட்டைய அடைச்சுக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்திருக்கேன்.

— விரல வெச்சா? மெக்கானிக்குன்னு சொல்லிக்கிட்டு இதென்ன வேலை? கழட்டின போல்ட்ட திரும்ப மாட்ட வேண்டியதுதான?

— மாட்டினா நிக்கணுமே! எட்டு வருசமா நின்ன வண்டி, மரையெல்லாம் துருப்பிடிச்சுப் போயிருக்கு. கழட்டும்போதே பாதி பொடியா உதிர்ந்துச்சு. மேல குழாய விட்டு உறிஞ்சிப் பாத்துட்டு அப்புறம் அடியில கழட்டறேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா சார்? டேங்க் காலி, கழட்டு கழட்டுன்னு நின்னீங்க.

— காலிதான்யா! எனக்குத் தெரியாதா? இப்பகூட உள்ள எட்டிப் பாத்தேன். பெட்ரோல் முள்ளு கீழ ஒட்டிக்கிட்டு இருக்கு.

— பேட்டரி செத்த வண்டியில முள்ளு கீழதான் சார் இருக்கும். ஒரு லாரி பெட்ரோலக் கொண்டாந்து உள்ள ஊத்துனாலும் அது எந்திரிக்காது.

— என்னங்க, இந்தாங்க. பழைய பெயின்ட் டின்னு. தொடச்சிட்டேன்.

— உன்ன யாரு டின்னு கேட்டா? அவன் கேக்கறது கேன்.

— டின்னே போதும்க்கா, இப்படித் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம்... ஆங். அப்பாடி! விரலு மரத்தே போச்சு.

— ஐயய்யே, என்ன நாத்தம்! இது பெட்ரோலா, வார்னிஷா? நிறத்தப் பாரு, ஆறிப்போன டீ மாதிரி.

— இதோட ஸ்டார்ட் பண்ணியிருந்தா பம்ப்பு, பில்டரு எல்லாம் பிசின் மாதிரி அடைச்சுக்கும் சார். சார்! கையில என்ன அது? தீப்பெட்டியா?

— பல்லு குத்தக் குச்சி எடுத்தேன்யா.

— தள்ளிப் போய்க் குத்துங்க சார், புண்ணியமாப் போகும். எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு.

— சரி சரி, சட்டுன்னு வேலையப் பாரு. சாயந்தரம் வண்டி வாங்க ஆள் வருது. வந்து சாவியத் திருப்பினா இன்ஜின் உறுமணும். இல்லன்னா இன்னும் எட்டு வருசத்துக்கு இந்தச் சனியன் என் வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கும். ஏய், அந்த ஆளு எத்தனை மணிக்கு வர்றேன்னாரு?

— சாயந்தரம்னு சொன்னேன்லங்க.

— சாயந்தரம்னா அஞ்சா, ஆறா? ஆளைப் பிடிச்சது நீ, நேரத்தக் கேட்டு வெக்கத் தெரியாதா? விக்கிற வண்டிக்கு நாலு புது டயர் வேற போட வெச்சிருக்கா, பாத்துக்கப்பா! எவனோ உருட்டிட்டுப் போறதுக்கு!

— டயர் இல்லாம எப்படிங்க நகரும்?

— எனக்குத் தெரியாதா எப்படி நகரும்னு?

— அது சரிங்க.

— சார், டின்னு முக்காவாசி வந்துருச்சு! அடுத்தது!

— இன்னுமா வருது? இரு, குளியலறையில பிளாஸ்டிக் வாளி இருக்கு...

— பிளாஸ்டிக் வேணாம் சார், இளகிடும். இரும்பு, எவர்சில்வர், எதாச்சும் பெருசாக் குடுங்க. மறுபடியும் விரல வெச்சுட்டேன்.

— இதோ தம்பி. கீழ விடட்டுமா?

— என்ன அது? எங்கம்மா நம்ம கல்யாணத்துக்குக் குடுத்த அண்டாவா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?

— இதவிடப் பெருசு வீட்டுல இல்லைங்க.

— இத்தனை வருசமா பரண்ல பத்திரமா இருந்தது!

— பரண்லயேதான் இருந்துச்சு. இன்னிக்காவது உபயோகப்படட்டும்.

— அக்கா, நீங்க சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க, அண்டாவ முதல்ல தள்ளுங்க! ஆங், விழுது. சார், டேங்கு கழுத்து வரைக்கும் இருந்திருக்கு. இது புல் டேங்க்.

— நடக்கவே நடக்காது. ஆபீஸ்ல எனக்கு வண்டி குடுத்த அன்னிக்கு இத நிறுத்தினேன். நிறுத்தும்போதே ரிசர்வ். அதுக்கப்புறம் இதத் தொட்டதுகூட இல்ல. அதுவுமில்லாம நான் என்னிக்கும் பத்து லிட்டருக்கு மேல போட்டதே கிடையாது. வயிறு முட்ட ஊத்தினா வண்டி கனத்துப்போய் இன்னும் அதிகமாக் குடிக்கும். எனக்குத் தெரியாதா?

— அப்ப யாரு சார் ஊத்தினது? தானா ஊறுச்சா?

— இவ தம்பிதான். வேற யாரு? எனக்குத் தெரியாம சாவியக் குடுத்திருப்பா.

— இரவல் வண்டிய எவன் சார் நிரப்பிக் கொண்டாந்து விடுவான்? என் சர்வீஸ்ல அப்படி ஒருத்தனையும் பாத்ததில்ல.

— நீ சும்மா இருப்பா. ஏய், சொல்லு. உன் தம்பிதான?

— அவன் இல்லைங்க. நான்தான் நிரப்பினேன்.

— நீயா? கேன்ல வாங்கியாந்து ஊத்தினியா?

— பங்க்குக்கு ஓட்டிட்டுப் போய்.

— எத?

— இந்த வண்டியத்தான். நீங்க நிறுத்தின ரெண்டு மூணு மாசத்துல.

— உனக்கு ஓட்டவே தெரியாதே!

— உங்க தங்கச்சி சொல்லிக்குடுத்தா. நீங்க ஆபீஸ் போனதுக்கப்புறம், அவ வண்டியில. லைசென்ஸும் எடுத்தாச்சு.

— என் தங்கச்சியா? ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை...

— சொல்லத்தான் வந்தேன். வாயத் தொறக்கறதுக்குள்ள, உனக்கெதுக்கு அதெல்லாம்னு சொல்லிட்டு டிவிய சத்தமா வெச்சுட்டீங்க.

— சரி, ஓட்டின. பெரிய சாதனைதான். புல் டேங்க் எதுக்கு? கடைக்குப் போறதுன்னா தெருமுனைதான!

— கடைக்குப் போகலைங்க.

— பின்ன?

— திரும்பி வரவேண்டாம்னு போனேன்.

— அக்கா... நான் வேணும்னா எந்திரிச்சு அந்தப் பக்கமா...

— நீங்க படுங்க தம்பி. அண்டா நிரம்பப் போகுது, அதப் பாத்துக்கங்க.

— என்ன பேசற நீ? மெக்கானிக்க வெச்சுக்கிட்டு என்ன பேச்சு இது? எங்க போன?

— மெயின் ரோடு தாண்டிப் போயிட்டேங்க. வழியில பொண்ணோட பள்ளிக்கூடம் வந்துச்சு. மறுநாள் அவளுக்குப் பரீட்சை. சாயந்தரம் வீட்டுக்கு வந்து அம்மா எங்கன்னு தேடினா எப்படிப் படிப்பான்னு தோணுச்சு. திருப்பிட்டேன். நீங்க நிறுத்தின மாதிரியே கொண்டாந்து நிறுத்தினேன். ராத்திரி நீங்க வந்து, சாப்பாடு ஆறிப்போச்சுன்னு சொன்னீங்க.

— அன்னிக்கு அப்படி நான் என்ன பண்ணினேன்? கை நீட்டினேனா? குடிச்சுட்டு வந்தேனா?

— ஒண்ணும் பண்ணலைங்க. எப்பவும் போலதான் இருந்தீங்க.

— அதான கேக்கறேன்! எப்பவும் போல இருந்தவனை விட்டுட்டு...

— அதத்தான் நானும் சொல்றேன்.

— சார்... நின்னுருச்சு. டேங்க் காலி. பெரிய சைஸ் போல்ட்டு ஒண்ணு வெச்சிருக்கேன், வாஷர் போட்டு இறுக்கிட்டா ஒழுகாது. புது பேட்டரிய மாட்டி, நல்ல பெட்ரோல் கொஞ்சம் ஊத்தினா ஒரே திருப்புல எந்திரிச்சுரும்.

— ம்.

— ஊத்தட்டுமா சார்?

— ம். ஊத்து. ஊத்துப்பா... இங்க பாரு. நடந்தது நடந்துபோச்சு. பழங்கதை. பொண்ணு படிச்சு முடிச்சு வேலைக்கே போயிட்டா, இப்ப போய் அதையெல்லாம் கிளறிக்கிட்டு. இந்த வண்டிய முதல்ல தள்ளி விட்டுருவோம், எல்லாம் சரியாயிரும். அந்த வாங்கற ஆளுக்கு ஒரு போன் போடு. வண்டி ரெடி, சீக்கிரம் வரச்சொல்லு.

— வாங்கறதுக்கு யாரும் வரலைங்க. சாயந்தரம் வண்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பறது நான்தான்.